கூடம் கோணல்

ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் அவர் எந்தப் பக்கம் கோணல் என்று சொல்லிவிடுவேன் என்பது என் கணவர் என்மேல் வைத்திருக்கும் குற்றச்சாட்டு. நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன். இருபத்தெட்டு வருடம் அதற்குத்தானே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கொல்கத்தாவில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலை, அதில் ஆய்வுப் பிரிவு. இரும்புத் தண்டுகள் வரும். அவற்றைச் சமதள மேஜையில் வைத்து உருட்ட வேண்டும். தண்டுக்கும் மேஜைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் சிவப்புச் சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஓரமாகத் தள்ள வேண்டும். சப்ளை செய்தவர்கள் ஓடி வந்து, "மேடம், கொஞ்சம்தானே?" என்பார்கள். கொஞ்சம் கோணல் என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிடுவேன். எனக்குப் பின்னால் என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று தெரியும். இங்கே எழுத முடியாது.

அலுவலகத்தில் வங்காளிகள், பீகாரிகள், தெலுங்கர்கள், நான் என்று கதம்பமாக இருந்தோம். திட்டுவதற்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஆங்கிலச் சொல் தேவைப்பட்டது. 'க்ரூக்கட்' என்பது அந்தச் சொல். வளைந்த தண்டும் க்ரூக்கட், வளைந்த தண்டை அனுப்பியவனும் க்ரூக்கட், அவனை அழைத்துவந்து டீ வாங்கிக் கொடுத்த மேலதிகாரியும் க்ரூக்கட். வேலை விட்டும் எனக்கு அந்தப் புத்தி போகவில்லை. எங்கள் பகுதியான பெஹாலாவின் சந்தையில் மீன்காரரின் தராசு கோணல். காளிகாட் கோவிலில் சீக்கிர தரிசனம் என்று கையைப் பிடித்து இழுப்பவர் பேச்சு கோணல். என் மகளின் வகிடு கோணல், அவள் கட்டிக்கொண்டவனின் சிரிப்பு கோணல். என் கணவர் ஒட்டுகிற தபால்தலைகூடக் கோணல். நான் ஒருத்திதான் ஊரில் நேர் என்கிற நினைப்பில் ஐம்பத்தெட்டு வயதுவரை வாழ்ந்துவிட்டேன்.

பெஹாலாவில் நாங்கள் வாங்கிய வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொல்கத்தாவில் வீடு கட்டி விற்கிறவருக்கு ப்ரொமோட்டர் என்று பெயர். எங்கள் ப்ரொமோட்டர் விரலுக்கு ஒரு மோதிரமும் வாய்க்கு ஒரு சத்தியமுமாக வந்தார். பழைய தனி வீடு ஒன்றை இடித்து, பக்கத்தில் கிடந்த சின்னக் குளத்தையும் மூடி, ஐந்து மாடி எழுப்பியிருந்தார். ஆள் கோணல் என்பது அவர் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்தது. ஆனால் ஆளையா வாங்கப் போகிறோம்? நான் ரசமட்டம் எடுத்துக்கொண்டு போய், நான்காம் மாடியில் எங்களுக்கான வீட்டை அறை அறையாக வைத்துப் பார்த்தேன். கண்ணாடிக் குழாயில் குமிழி நடுவிலேயே நின்றது. வாங்கிவிட்டோம். குளத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை. முதல் கோணல் முற்றும் கோணல் என்று நானே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஒன்பது வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு மழைக்காலம் முடிந்து தோசை கெட்டுப்போனது. கிழக்கு ஓரம் முறுகல், மேற்கு ஓரம் வெள்ளை. எண்ணெயை நடுவில் விட்டால் அது கிழக்கே போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் மாவைச் சந்தேகப்பட்டேன். பிறகு கல்லை மாற்றினேன். பிறகு அடுப்பை மாற்றினேன். சாப்பாட்டுத் தட்டில் ரசமும் அதே திசையில் போய்க்கொண்டிருந்தது. படுக்கையறைக் கதவு யாரும் தொடாமல் மெல்லத் திறந்து எங்களை எட்டிப் பார்த்தது.

"தரை ஏதோ சரியில்லங்க. கூடமே கோணலா இருக்கு," என்று கணவரிடம் சொன்னேன்.

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பேப்பரை இறக்காமலே பதில் சொன்னார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒழுங்கா ஒரு தோசை சுடு, ஏட்டி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஓய்வு பெற்ற நாளில் அலுவலக ரசமட்டம் ஒன்று என் கைப்பையில் தானாக வந்து சேர்ந்திருந்தது. அதைக் கூடத்து நடுவில் வைத்து அவரைக் கூப்பிட்டேன். குமிழி மேற்கே ஏறி ஒட்டிக்கொண்டு நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு இருவரும் மொட்டை மாடிக்குப் போனோம். அவருடைய சாவிக்கொத்தை நீளமான கயிற்றில் கட்டிக் கிழக்குச் சுவர் ஓரமாகக் கீழே இறக்கினோம். மேலே சுவரை ஒட்டி விட்ட கயிறு, கீழே சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி ஆடியது. ஐந்து மாடிக் கட்டடம், ஒரு சாண் கிழக்கே சாய்ந்திருந்தது. கிழக்கே பக்கத்துக் கட்டடத்துப் பெண்மணியோடு முதல் வருடங்களில் பால்கனியிலிருந்து கத்திப் பேசுவேன். சமீபத்தில் கிண்ணத்தைக் கையிலேயே மாற்றிக்கொண்டிருந்தோம். நட்பு நெருங்கிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன்.

பயந்துதான் போனோம். அன்று மாலையே நான் முதல் மாடிக்கு இறங்கிப் போய்க் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரிடம் சொன்னேன். ஓய்வு பெற்ற ஆசிரியர், எல்லோருக்கும் தாதா, அதாவது அண்ணன். அவர் திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என்னை உட்காரச் சொல்லி, தன் அலமாரியின் காலைக் காட்டினார். அதன்கீழ் நாலாக மடித்த அட்டை இருந்தது. கட்டிலின் கீழும் இருந்தது. சாப்பாட்டு மேஜையின் கீழ் ஒரு பழைய இலக்கணப் புத்தகமே இருந்தது.

"எங்களுக்குப் போன துர்கா பூஜைக்கு முன்னாடியே தெரியும், பௌதி," என்றார். பௌதி என்றால் அண்ணி. வங்காளிகள் அன்பாகக் கூப்பிட்டால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். "எக்டு சாய்ஞ்சிருக்கு. எக்டுதான்." எக்டு என்றால் கொஞ்சம்.

அட்டை வைக்காத வீடு எங்களுடையது ஒன்றுதான் என்று நினைத்தேன். மேலே போய்க் குனிந்து பார்த்தால் எங்கள் கட்டிலின் கீழும் இருந்தது. என் கணவர் எனக்குத் தெரியாமல் எப்போதோ வைத்திருக்கிறார். கேட்டதற்கு, "கட்டிலு ஆடிச்சு, வச்சேன். அதுக்கு என்ன இப்போ?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கீழே கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, டீ, சிங்காரா. சமோசாவின் வங்காளத் தம்பியான அந்தச் சிங்காராதான் அந்தக் கட்டடத்தில் எல்லா மூலையும் சரியாக இருந்த ஒரே பொருள். ப்ரொமோட்டரும் வந்திருந்தார், மோதிரங்களோடு. கொல்கத்தா மண் இளகிய மண், எல்லா வீடும் கொஞ்சம் உட்காரும், மனிதர்களே வயதானால் சாய்வதில்லையா என்று கேட்டார். பலர் தலையாட்டினார்கள். இன்ஜினியரைக் கூப்பிடலாம் என்று நான் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இன்ஜினியர் வந்தால் மாநகராட்சிக்குத் தெரியும். மாநகராட்சிக்குத் தெரிந்தால் வாசலில் நோட்டீஸ். நோட்டீஸ் ஒட்டினால் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டும். பிறகு இந்த வீட்டை எந்த மடையன் வாங்குவான்? இதைக் கேட்டவர் வங்கி மேலாளராக இருந்தவர். என் வீட்டையும் எவன் வாங்குவான் என்கிற கேள்வி அப்போதுதான் எனக்கும் உறைத்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

சாய்வைப் பற்றி வெளியே யாரும் வாய் திறப்பதில்லை என்று முடிவானது. முடிவைப் பதிவேட்டில் எழுத வேண்டுமே? என் ஆங்கிலம் நன்றாக இருக்கும் என்று பேனாவை என்னிடம் நீட்டினார்கள். 'சாய்வு' என்று எழுதினால் அதுவே சாட்சியாகிவிடும். சிறிய சீரமைப்பு தேவைப்படலாம் என்கிற மாதிரி, சுத்தமான அலுவலக ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். இருபத்தெட்டு வருடம் சிவப்புப் பெருக்கல் குறி போட்ட கை. என்ன அழகாக எழுதியிருக்கிறீர்கள் பௌதி என்று தாதா பாராட்டி இன்னொரு சிங்காரா கொடுத்தார். தின்றேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்த வீட்டில் இருந்தோம். மனிதன் எதற்கும் பழகிவிடுவான். தோசைக் கல்லைப் பாதியில் திருப்பி வைக்கப் பழகினேன். ரசத்துக்குக் கிண்ணம் வைத்தேன். ஆனால் நல்ல மழை பெய்கிற நாட்களில் ராத்திரி எழுந்து ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பேன். சென்னையிலிருந்து மகள், "ரெண்டு பேரும் இங்கயே வந்துருங்கம்மா," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கணவருக்கு முழங்கால் வலி, கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வீட்டை விற்பதற்கு முழங்கால்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன். கேட்கிறவர்கள் அவர் காலைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். அவரும் என் முகத்துக்காக வலது காலைக் கொஞ்சம் கூடுதலாகவே இழுத்து நடந்தார்.

வாங்க வந்தது ஒரு இளம் தம்பதி. தமிழ்ப் பிள்ளைகள். பெண் ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் வேலை, பையனுக்கு அலிப்பூரில் ஒரு அலுவலகத்தில் வேலை. வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, வாடகை வீட்டில் இருந்தார்கள். பையன் சுவரைத் தட்டிப் பார்த்தான், குழாயைத் திறந்து பார்த்தான். பெண் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க திருநெல்வேலியா?" என்றாள். ஆமாம் என்றேன். எந்தப் பக்கம் என்றாள். சொன்னேன். அவள் ஊர் அங்கிருந்து இரண்டாவது பஸ் ஸ்டாப். அதோடு முடிந்தது. அதுவரை ஆன்ட்டியாக இருந்த நான் அத்தையாகிவிட்டேன்.

வெளியூரில் இருக்கும் நம்மவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. உள்ளூர்க்காரன் சத்தியம் செய்து சொன்னாலும் நம்ப மாட்டார்கள், 'வந்துட்டுப் போயிட்டு' என்று ஒருத்தி தமிழில் பேசிவிட்டால் வீட்டுச் சாவியையே கொடுப்பார்கள். நானும் அப்படித்தான். தமிழ் பேசுகிற ஒரு பல் டாக்டரை நம்பி இரண்டு நல்ல பல்லை இழந்தவள்.

அன்றைக்கு நான் எல்லா ஏற்பாடும் செய்திருந்தேன். அட்டைகளை உள்ளே தள்ளி, கால்களின் மேல் துணி தொங்கவிட்டு, படுக்கையறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். கேசரி செய்தேன், மதியச் சாப்பாட்டுக்கு இருங்கள் என்று சொல்லவில்லை. தட்டில் ரசம் போகும் திசையை விளக்க வேண்டி வந்திருக்கும். பையன் பால்கனியில் என் கணவரோடு நின்றபோது பெண் சமையலறையில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, நீங்க நம்ம ஊர்க்காரங்க, அதனால நேராவே கேக்கேன். இந்த வீட்டுல ஏதும் குறை இருக்கா? இருந்தா சொல்லிருங்க. அவங்க ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து பாக்கணும்னு சொல்லுதாங்க. நாந்தான் வேண்டாம்னுட்டேன். நம்ம ஆளுங்க வீட்டுக்கு எதுக்கு இன்ஜினியரு?"

என் கையில் கேசரிக் கரண்டி இருந்தது. அந்தப் பெண்ணின் முகம் இப்போதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நெற்றியில் வியர்வை, பஸ்ஸில் வந்த களைப்பு, எனக்கு இந்த வீடு பிடித்துவிட்டது என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. சொல்லியிருக்கலாம். நாலே வார்த்தை.

"கொசு உண்டும்மா," என்றேன். "மழைக்காலத்துல ஜாஸ்தி."

"கொசுதானா! வலை அடிச்சிருவோம், அத்தை," என்று சொல்லி இன்னும் கொஞ்சம் கேசரி வாங்கிக்கொண்டாள்.

அடுத்த மாதம் அலிப்பூர் பதிவு அலுவலகத்தில் பத்திரம் முடிந்தது. நான் கையெழுத்துப் போடும்போது பேனா நன்றாக எழுதியது, வானம் இடிந்து விழவில்லை. நாங்கள் காளிகாட்டில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்கு மாறிக்கொண்டோம். சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டுச் சென்னைக்குக் கிளம்புவதாகத் திட்டம். அதற்குள் அந்தப் பெண் போன் செய்தாள். பால் காய்ச்சுகிறோம், அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், நீங்கள் ரெண்டு பேரும் முதல் ஆளாக வந்து நிற்க வேண்டும் என்றாள். விற்றவளைக் கூப்பிட்டுப் பால் காய்ச்சுகிற வழக்கம் எங்கும் கிடையாது. அத்தையைக் கூப்பிடுகிற வழக்கம் உண்டு. கணவர், "முழங்காலு வலின்னு சொல்லிருவோம்," என்றார். எத்தனை பொய்க்குத்தான் அந்த முழங்கால் தாங்கும்? போனோம்.

காலை ஏழு மணி. கூடத்தின் நடுவில் மாக்கோலம், அதன்மேல் சின்ன கேஸ் அடுப்பு, புதுப் பானை. பெண்ணின் அம்மா பட்டுச் சேலையில் பரபரத்துக்கொண்டிருந்தார். முதல் மாடியிலிருந்து தாதாவும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். தாதா என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். மூன்றாம் மாடியிலும் ஐந்தாம் மாடியிலும் இரண்டு வீடுகள் விற்பனைக்கு இருந்தன, எங்கள் வீடு நல்லபடியாகக் கைமாறியது அவர்களுக்குப் பெரிய தெம்பு.

பால் பொங்கியது. எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். எண்ணெயையும் ரசத்தையும் மூன்று வருடம் பார்த்தவளுக்குப் பால் என்ன செய்யும் என்று தெரியாதா? அடுப்பே சாய்ந்து நின்றது, பானையும் சாய்ந்து நின்றது. கிழக்கு விளிம்பில் நுரை தளும்பி, கிழக்கே வழிந்து, தரையில் இறங்கிக் கிழக்கே ஓடியது. சிந்தியதோடு நிற்கவில்லை. பதிவு செய்த இருக்கையைத் தேடிப் போகிற பயணி மாதிரி நேராகப் போய்க் கிழக்குச் சுவரின் அடியில் தேங்கியது.

"கெழக்காம போவுது பாத்தியளா!" என்று பெண்ணின் அம்மா கத்தினார். "ஓடிப்போயி செவத்தத் தொட்டுட்டு! எங்க தலமொறையில இப்படிப் பாத்ததில்ல!"

வடக்கே வழிந்தாலே நல்லது என்பார்கள், கிழக்கே வழிந்தால் கேட்கவே வேண்டாம். பன்னிரண்டு வருடத்துக்கு முன், கட்டடம் நேராக இருந்தபோது, நாங்கள் காய்ச்சிய பால் தெற்கே வழிந்தது. வரவு தங்காது என்று என் மாமியார் ஒரு வருடம் முனகினார். பெண்ணின் அம்மா குலவை போட்டார். அதைக் கேட்டதும் தாதாவின் மனைவி வங்காள முறையில் உலு உலு என்று நாக்கைச் சுழற்றி ஒலி எழுப்பினார். அவருக்கும் தெரியும். தெரிந்தும் மூன்று முறை எழுப்பினார். பையனின் கண் கலங்கியிருந்தது. பெண்ணின் அப்பா, "இன்ஜினியர் இன்ஜினியர்னியளே மாப்ள, இத விடவா ஒரு இன்ஜினியரு வேணும்?" என்று அவன் முதுகில் தட்டினார். நாங்களும் ஊரில் வீட்டை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடப் போகிறோம், இந்த வீட்டை இனி விடவே கூடாது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் என் கணவரையும் என்னையும் சேர்த்து நிற்க வைத்து, பையனையும் இழுத்துக்கொண்டு வந்து காலில் விழுந்தாள். "ஆசீர்வாதம் பண்ணுங்க அத்தை. நீங்க வாழ்ந்த வீடு. உங்களாலதான் அமைஞ்சது."

நான் குனிந்து அவள் தலையில் கை வைத்தேன். நல்லா இரு என்று சொல்ல வேண்டும். எல்லோருக்கும் சொல்வதுதான், அர்த்தம் பார்த்தா சொல்கிறோம்? அன்று நான் அர்த்தம் பார்த்துவிட்டேன். இந்தப் பிள்ளை நன்றாக இருக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தவள் நான்தானே என்று தோன்றியது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம் எனக்கு வந்ததே இல்லை.

"எந்திரிம்மா," என்றேன். "பாலு தானா கெழக்க போகல. வீடு சாஞ்சிருக்கு."

யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன். ஒரு சாண் சாய்ந்திருக்கிறது, எங்களுக்கு மூன்று வருடமாகத் தெரியும், கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும் என்றேன். என் கணவர் தரையைப் பார்த்தார். தாதாவின் மனைவிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் கை சாய்ந்து காட்டியது தெரிந்துவிட்டது. அவர் தாதாவை இடித்தார்.

பெண்ணின் அம்மாதான் முதலில் பேசினார். "நல்ல நேரத்துல என்ன பேச்சு இது? வித்துட்டோமேன்னு வயித்தெரிச்சலா ஒங்களுக்கு? பாலு போன போக்கப் பாத்துப் பொறுக்கலியா?"

இருபத்தெட்டு வருடத்தில் நான் பொய்யைச் சொல்லி யாரும் என்னை நம்பாமல் போனதில்லை, ஏனென்றால் நான் பொய் சொன்னதில்லை. அன்று உண்மையைச் சொல்லி ஒருவரும் நம்பவில்லை. தெய்வமே வழிந்து சாட்சி சொல்லிவிட்டது, நான் யார் நடுவில்? பெண்ணின் அப்பா என்னைச் சமாதானப்படுத்துகிற தோரணையில், வயதானால் பழைய வீட்டைப் பிரிவது கஷ்டம்தான் என்றார்.

அந்தப் பெண் மட்டும் பால் போன தடத்தைப் பார்த்தாள். எழுந்து போய்ச் சமையலறையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து மேற்குச் சுவரின் அடியில் வைத்துக் கையை எடுத்தாள். அது தயங்கி, புரண்டு, கோலத்தைத் தாண்டி, அம்மாவின் சேலைக் கரையைத் தொட்டுக்கொண்டு போய்ப் பால் தேங்கிய இடத்தில் நின்றது. பிறகு அவள் என்னைப் பார்த்தாள்.

"கேட்டேன்லா, அத்தை," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "உங்கட்ட மட்டுந்தான கேட்டேன்."

அவள் திட்டியிருக்கலாம். அவள் அம்மா அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் திட்டியது எனக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை.

அடுத்து நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. பையன் இன்ஜினியரை அழைத்து வந்தான். அவர் அளந்துவிட்டு, இங்கே இத்தனை பேர் தூங்குகிறீர்களா என்று கேட்டார். பத்திரத்தை ரத்து செய்துகொண்டோம், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இரண்டே வாரத்தில் வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ப்ரொமோட்டரின் போன் அணைந்துவிட்டது. எல்லோரும் அலமாரி அலமாரியாக இறக்கி வண்டியில் ஏற்றினார்கள். இறக்கிய இடங்களிலெல்லாம் அட்டைகள் கிடந்தன, கூட்டினால் ஒரு சாக்கு தேறும்.

தாதா தன் சாமானை ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார். "பௌதி, நீங்க இப்படி க்ரூக்கட்டா இருப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்லை," என்றார் ஆங்கிலத்தில். "உங்க வீடு விக்கிற வரைக்கும் வாயை மூடிட்டு இருந்தீங்க. வித்த பிறகு உண்மை பேசறீங்க. இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருந்ததே, பத்து நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" அவர் கண்ணில் நிஜமான வருத்தம் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னாலாக இருந்தால் அவருக்கு நல்ல பதில் வைத்திருப்பேன்.

நாங்கள் சென்னைக்குப் போகவில்லை. சாய்ந்த வீட்டைத் தலையில் கட்டிக்கொண்டு எங்கே போவது? ப்ரொமோட்டர்மேல் வழக்கு நடக்கிறது, காளிகாட்டிலேயே இருக்கிறோம். தரை இங்கே மட்டமாக இருக்கிறது, தோசை இரண்டு ஓரமும் ஒரே மாதிரி வருகிறது.

சில மாதம் கழித்து, காளிகாட் மெட்ரோவில் படி இறங்கிக்கொண்டிருந்தோம். நல்ல பகல் வேளை, நல்ல கூட்டம். முழங்கால் வலிக்கிறது என்று கணவர் நிற்க, இப்போது நிஜமாகவே வலிக்கிறதா என்று நான் கேட்க, எங்கள் வழக்கமான சண்டை நடந்துகொண்டிருந்தது. எதிரே அந்தப் பெண் ஏறி வந்துகொண்டிருந்தாள். கூட இன்னொரு பெண், ஊரிலிருந்து புதிதாக வந்தவள் போல, கழுத்தில் கம்பெனி அட்டை. எங்கள் பேச்சு காதில் விழுந்ததும் புதியவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, தமிழு! திருநெல்வேலிப் பேச்சு மாதிரி இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

அந்தப் பெண் நின்று என்னை நன்றாகப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தாலாவது ஏதாவது பேசியிருப்பேன்.

"இல்ல," என்றாள். "நம்ம ஊர்க்காரங்க இல்ல."

இருவரும் ஏறிப் போனார்கள். என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்தவள் நான். அன்று அந்தப் படிக்கட்டில் அதை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.